டிரெஸ்ஸாஜ் குதிரையேற்றம்: முதல் பாடத்திலிருந்து முதல் போட்டி வரை

குதிரை தன் மூன்று நடைகளிலும் தாளம் பிசகாமல், உடல் இறுகாமல், மேலே அமர்ந்திருப்பவரின் மிகச் சிறிய அசைவுக்கும் செவிசாய்த்து இயங்கும்படி இருவரும் சேர்ந்து பயிலும் கலையே டிரெஸ்ஸாஜ். நன்றாகச் செய்யப்படும்போது சவாரி செய்பவர் எதையுமே செய்யாததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் நானும் இதில் இறங்கினேன். செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததால் எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வீணாயின. என் இழப்பைவிடப் பெரியது, அந்தக் காலம் முழுவதும் நான் ஏறிய குதிரை தேவையில்லாத வலியைப் பொறுத்துக்கொண்டது. நீங்களும் உங்கள் குதிரையும் அதே வழியில் போகாதிருக்க, எதை எப்போது செய்ய வேண்டும், எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும், எங்கே பணம் வீணாகும் என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. பயிற்சியாளரைப் பார்ப்பதற்கு முன் குதிரைகளைப் பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு முறையாவது லாயத்துக்குச் சென்று, பாடம் நடக்கும் நேரத்தில் ஓரமாக நின்று கவனியுங்கள். சவாரியின்போது குதிரைகள் ஓயாமல் வாலைச் சுழற்றுகின்றனவா, வாயைத் திறந்து தலையை மேலே வீசுகின்றனவா என்று பாருங்கள். சேணம் இறக்கப்பட்ட பிறகு தோள்மேட்டிலும் முதுகிலும் வெள்ளை முடித் திட்டுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பொருந்தாத சேணம் அழுத்தியதால் ஏற்பட்ட பழைய காயத்தின் அடையாளமாக அவை இருக்கக்கூடும். ஒரு குதிரை நாளொன்றுக்கு எத்தனை பாடங்களில் ஓடுகிறது, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வெடுக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் உங்களுக்கும் நேரான பாடம் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, தொடக்க நிலையில் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டுக் கற்பிக்கும் லஞ்சிங் பாடம் உண்டா, பயிற்சி முதிர்ந்த வயதான குதிரை ஒன்றாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி வரும் குழுப் பாடம் மலிவாக இருக்கும். ஆனால் அங்கே உங்கள் குதிரை உங்களைக் கேட்டு நடப்பதில்லை, முன்னால் போகும் குதிரையைத்தான் பின்தொடர்கிறது. பல மாதங்களுக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் தள்ளுபடி என்று சொன்னாலும், முதல் நான்கு பாடங்களுக்குத் தனித்தனியாகவே பணம் கட்டுங்கள்.

2. கையெழுத்திடும் தாள்களைப் படியுங்கள்

ஏறத்தாழ எல்லாப் பயிற்சிக்கூடங்களும் பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கும். அதில் விபத்துச் செலவு யாருடையது, குதிரைக்குக் காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு, பாடத்தை ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும் ஆகிய மூன்றையும் தேடிப் படியுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் குதிரையேற்றம் விலக்கப்பட்ட விளையாட்டாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முதுகெலும்பு, மூட்டு, இதயம் தொடர்பான சிக்கல் இருந்தால் மருத்துவரின் சான்றும் வேண்டியிருக்கும்.

உங்கள் எடையை மறைக்காமல் சொல்லுங்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். 500 கிலோ குதிரை என்றால் எல்லாம் சேர்த்து 100 கிலோ. இருக்கை நிலைபெறாத புதியவர், தன் உண்மையான எடையைவிடக் கனமாகவே குதிரையின் முதுகில் விழுகிறார் என்பதால், இந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பதே நல்லது.

3. முதலில் வாங்க வேண்டியவை மூன்று மட்டுமே

தலைக்கவசம், காலணி, கையுறை. மற்றவை காத்திருக்கலாம்.

தலைக்கவசத்தைப் புதிதாகவே வாங்க வேண்டும். குதிரையேற்றத்துக்கென்றே தரச்சான்று பெற்றதா என்று உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். சைக்கிள் தலைக்கவசம் இதற்கு ஈடாகாது. ஒருமுறை கீழே விழுந்து அது அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். அடிபடாவிட்டாலும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் மாற்றுவது வழக்கம். உயர்மட்டப் போட்டிகளில் முன்பு அணிந்த உயரத் தொப்பிக்குப் பதிலாக, 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. எனவே 'அனுபவம் வந்த பிறகு தேவையில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலணியின் அடிப்பகுதி வழவழப்பாகவும், குதிகால் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் விழும் வேளையில் பாதம் அங்கவடிக்குள் புகுந்து சிக்காது.

சேணம், குதிமுள், வெள்ளைக் காற்சட்டை, போட்டி மேலங்கி ஆகியவற்றை இப்போது வாங்க வேண்டாம். குறிப்பாகச் சேணம் குதிரைக்குக் குதிரை மாறுபடும் பொருள். குதிரை இல்லாமல் சேணம் வாங்கினால் அந்தப் பணம் வீண்தான்.

4. முதல் மூன்று மாதங்கள்: இருக்கை மட்டும்

கடிவாள வாரைக் கையில் எடுப்பதற்கு முன் அதை நம்பாமல் அமரக் கற்க வேண்டும். பயிற்சியாளர் கயிற்றின் நுனியைப் பிடித்துக் குதிரையைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் உங்கள் உடலை மட்டும் கவனிக்கும் லஞ்சிங் பாடமே இதற்கு ஏற்ற வழி. வாரம் இரண்டு பாடங்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் போதும். தொடர்ந்து வட்டத்தில் ஓடுவது குதிரையின் மூட்டுகளுக்குச் சுமை என்பதால் அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இரண்டு அமர்வெலும்புகளிலும் எடை சமமாக இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். நான்கு தப்படி கொண்ட வாக் நடையில் இது எளிது. இரண்டு தப்படி கொண்ட ட்ராட்டில் முதுகு உங்களை மேலே தூக்கும்போதுதான் சோதனை தொடங்கும். அப்போது பயத்தில் முழங்காலால் இறுக்கிப் பிடிப்பதே பொதுவான தவறு. முழங்கால் இறுகினால் உடல் சேணத்திலிருந்து மேலே பிதுங்கும், துள்ளல் கூடும், பயம் மேலும் கூடும். தொடையைத் தளர்த்தி, மூச்சை வெளியே விட்டு, இடுப்பைக் குதிரையின் முதுகோடு அசையவிடுவதுதான் வழி.

எழுந்து அமரும் ட்ராட்டில், குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது எழ வேண்டும், அது பின்னே வரும்போது அமர வேண்டும். அந்தக் கணத்தில் உட்பக்கப் பின்கால் தரையில் ஊன்றியிருப்பதால், வளைவில் குதிரையின் சமநிலை கெடாது. தோளைக் குனிந்து பார்த்துக் கண்டுபிடிப்பது ஆரம்பத்தில் சரி. சில வாரங்களில் பார்க்காமலே இடுப்பில் உணர வேண்டும்.

5. கேளுங்கள், விடை வந்தவுடன் விடுங்கள்

இந்த ஒரு படியைப் புரிந்துகொள்ளாததால்தான் என் காலம் வீணானது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குதிரை அழுத்தத்தால் கற்பதில்லை, அழுத்தம் விலகும் கணத்தில்தான் கற்கிறது. காலால் மெல்லத் தொட்டு முன்னே போகச் சொல்கிறீர்கள். குதிரை முதல் அடியை எடுத்து வைத்தவுடன் உங்கள் கால் அமைதியாகிவிட வேண்டும். அப்படி அமைதியாவதுதான் 'நீ செய்தது சரி' என்று நீங்கள் சொல்லும் சொல். விடை வந்த பிறகும் காலால் தட்டிக்கொண்டே இருந்தால், குதிரைக்கு விடை சொல்வதில் பொருளில்லாமல் போகிறது. சில வாரங்களில் அது காலைக் கேட்பதையே நிறுத்திவிடும். மெல்லக் கேட்டும் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை தெளிவாக, உறுதியாகக் கேளுங்கள்; பிறகு மறுபடி மெல்லிய தொடுகைக்கே திரும்புங்கள். உடலில் ஓர் ஈ அமர்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கச் செய்யும் உயிர் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எவ்வளவு மெல்லக் கேட்கலாம் என்பது புரியும்.

நான் ஏறிய குதிரையைச் சோம்பேறி என்று எட்டு மாதம் நினைத்திருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் காலால் உதைத்தும் அது இழுத்து இழுத்தே நடந்தது. புதிதாக வந்த ஒரு பயிற்சியாளர் என்னைத் திரும்ப லஞ்சிங் கயிற்றில் ஏற்றி, கடிவாள வாரை என்னிடமிருந்து வாங்கி முடிச்சுப் போட்டுவிட்டார். பத்து நிமிடத்துக்குள் அதே குதிரை முதுகைத் தளர்த்தி, நீண்ட அடிகளோடு ட்ராட்டில் ஓடியது. காலால் 'போ' என்று சொல்லிக்கொண்டே கையால் 'நில்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது சோம்பேறி அல்ல. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகளுக்கும் தன்னால் இயன்றவரை கீழ்ப்படிந்த நேர்மையான குதிரை.

கையைப் பொறுத்தவரை, வார் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. முழங்கையிலிருந்து குதிரையின் வாய் வரை ஒரே நேர்க்கோடாக இருக்க, குதிரையின் தலை அசையும்போது உங்கள் முழங்கை திறந்து மூடிக்கொண்டு அதோடு போக வேண்டும். வாயிலிருக்கும் கடிவாள இரும்பு நாக்கின் மீதும் பல்லில்லாத ஈறின் மீதும் படுகிறது என்பதால், ஒரு விரலை மூடித் திறப்பதே அதற்குப் பெரிய செய்தி.

அரை நிறுத்தம் என்று பயிற்சியாளர்கள் அடிக்கடி சொல்லும் அசைவும் இதுவே: மூச்சை உள்ளே இழுத்து உடலை நிமிர்த்தி, காலைச் சற்று அணைத்து, வெளிப்பக்க விரல்களை ஒரு கணம் மூடித் திறப்பது. இவை அனைத்தும் ஓரிரு அடிகளுக்குள் முடிந்துவிட வேண்டும். திருப்பத்துக்கு முன்பும், நடை மாற்றத்துக்கு முன்பும், குதிரை அவசரப்படும்போதும் 'கவனி, ஒன்று வருகிறது' என்று முன்கூட்டியே சொல்லும் முறை இது. விரல்களைத் திறக்க மறந்தால் அது வெறும் இழுப்பாகிவிடும்.

எச்சரிக்கை ஒன்று. படங்களில் காணும் வளைந்த கழுத்தை வாரை இழுத்து உருவாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படிச் செய்தால் குதிரை தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகைத் தாழ்த்தி, பின்கால்களை இழுத்து நடக்கும். உச்சந்தலை உயரமான புள்ளியாகவும், மூக்கு செங்குத்துக்கோட்டுக்குச் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். அந்த வடிவம் பின்கால்களின் உழைப்பிலிருந்து முன்னே வருவது. தாளம், தளர்வு, வார்த் தொடர்பு, உந்துவிசை, நேர்நிலை, ஒருங்குதிரட்சி என்று ஜெர்மானியப் பயிற்சி முறை வகுத்திருக்கும் ஆறு படிகளில் முதல் ஆண்டு உங்களுக்கு முதல் மூன்று மட்டுமே போதும்.

குதிரை திருப்தியாக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் சோதிக்கலாம். வாரை மெல்ல நழுவவிடுங்கள். அது கழுத்தை நீட்டிக் கீழே இறக்கி, மூக்கால் மூச்சை ஊதி, அதே தாளத்தில் நடந்தால் நீங்கள் செய்தது சரி. தலையைப் பிடுங்கிக்கொண்டாலோ வேகமெடுத்தாலோ, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் எங்கோ இறுகியிருக்கிறீர்கள்.

6. 'அடம்' என்று சொல்வதற்கு முன் வலியைத் தேடுங்கள்

ஒரு பக்கம் மட்டும் கேண்டர் (ட்ராட்டைவிட வேகமான மூன்றாவது நடை) எடுக்க மறுப்பது, சேணப் பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது, ஏறும்போது முதுகைத் தாழ்த்துவது ஆகியவற்றை முதலில் வலியின் மொழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சேணம் தோள்மேட்டின் மீது இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும்; பின்புறம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. பயிற்சியால் குதிரையின் தசை மாறிக்கொண்டே இருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேணம் பொருத்துபவரிடம் காட்டுவது நல்லது. மூக்குப் பட்டைக்குக் கீழே, மூக்கெலும்பின் மேற்புறத்தில், இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். பக்கவாட்டில் விரல் நுழைத்துப் பார்ப்பது பொய்யான அளவையே காட்டும், ஏனென்றால் அங்கே சதை விட்டுக்கொடுக்கும். பற்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். லாடம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை.

7. களத்தின் எழுத்துகளை நடந்தே கற்றுக்கொள்ளுங்கள்

தொடக்க நிலைத் தேர்வுகள் (நடுவர் முன் குறித்த வரிசையில் செய்து காட்டும் அசைவுத் தொகுப்புகள்) பெரும்பாலும் 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட சிறிய களத்தில் நடக்கும். உயர்நிலைத் தேர்வுகளுக்கு நீளம் 60 மீட்டர். சிறிய களத்தில் நுழைவாயிலிலிருந்து ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று இடங்களைக் குறிக்கும் எழுத்துகள் சுற்றி வரும். நடு மையம் எக்ஸ். நடுவர் சி-யில் அமர்வார். குதிரை இல்லாமல் காலால் நடந்து பாருங்கள்.

புதியவர்கள் அதிக மதிப்பெண் இழப்பது 20 மீட்டர் வட்டத்தில்தான். ஏ-யில் தொடங்கும் வட்டம் ஏ-யையும் எக்ஸையும் தொட வேண்டும்; பக்கச் சுவர்களை மூலையிலிருந்து 10 மீட்டரில், அதாவது கே-யையும் எஃப்-ஐயும் தாண்டி 4 மீட்டரில் தொட வேண்டும். பலர் கே-யிலேயே சுவரை ஒட்டி மூலைக்குள் போய்விடுவதால் வட்டம் சதுரமாகிவிடுகிறது. நான்கு தொடுபுள்ளிகளிலும் அடையாளம் வைத்துப் பழகுங்கள். ஓர் அடையாளத்தை எட்டும் முன்பே பார்வை அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

8. சொந்தக் குதிரை: ஓராண்டு கழித்து யோசியுங்கள்

வாங்கும் விலை ஒருமுறை போகும் பணம். மாதாமாதம் போவதுதான் உண்மையான செலவு. லாய வாடகை, தீவனம், லாடம், தடுப்பூசி, பல், குடற்புழு மருந்து, காப்பீடு, பயிற்சியாளர் கட்டணம், வண்டிச் செலவு ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். நார்த்தீவனம் மட்டும் நாளொன்றுக்குக் குதிரையின் எடையில் 1.5 விழுக்காட்டுக்குக் குறையாத உலர்பொருளாக இருக்க வேண்டும். 500 கிலோ குதிரைக்கு அது 7.5 கிலோ. இவற்றுக்கு மேல், வயிற்றுவலி அறுவை போன்ற அவசரச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை கையிருப்பில் இல்லாமல் வாங்காதீர்கள். பகுதிக் குத்தகை இருக்கும் இடத்தில், வாரம் மூன்று நாள் பகிர்ந்துகொண்டு ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பதே அறிவார்ந்த இடைவழி.

வாங்குவதென்றால், விற்பவரின் மருத்துவரை விடுத்து நீங்களே அமர்த்திய கால்நடை மருத்துவரைக் கொண்டு பரிசோதியுங்கள். குதிரையின் அடையாள ஏடான கடவுச்சீட்டில் உள்ள மைக்ரோசிப் எண்ணும், கழுத்தில் கருவி வைத்துப் படிக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர்தான் உரிமையாளர் என்பதற்கான சான்று, தடுப்பூசிப் பதிவு, பழைய மருத்துவ அறிக்கைகள் ஆகியவை கையில் வந்த பிறகே முன்பணம் கொடுங்கள். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர், 'சேர்ந்தே வளரலாம்' என்று நான்கு வயதுக் குதிரையை வாங்குவது இருவருக்கும் ஆபத்து. பத்து வயதைத் தாண்டிய, அமைதியான, வேலை தெரிந்த குதிரையே உங்களுக்கு ஆசிரியர்.

9. முதல் போட்டி: இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

வீட்டில் எளிதாகச் செய்யும் நிலைக்கு ஒரு படி கீழான தேர்வைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய பரபரப்பில் இருவருக்கும் ஒரு படி குறையும்.

எட்டு வாரம் முன்பு: உங்கள் உறுப்பினர் பதிவு, குதிரையின் பதிவு, கடவுச்சீட்டு மூன்றையும் சரிபாருங்கள். குதிரைக் காய்ச்சல் தடுப்பூசியின் தேதிகளை விதிப்புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, ஊக்க ஊசி போட்டு 6 மாதமும் 21 நாளும் தாண்டியிருக்கக் கூடாது. போட்டி இடத்துக்கு வந்து சேர்வதற்கு முந்தைய 7 நாட்களுக்குள்ளும் போட்டிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது வரம்பைத்தான் நான் தவறவிட்டேன். நான்கு நாள் முன்பு ஊசி போட்டுவிட்டு, எல்லாம் தயார் என்று குதிரையை வண்டியில் ஏற்றிச் சென்றேன். வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நுழைவுக் கட்டணமும் வண்டிச் செலவும் திரும்பவில்லை. உள்ளூர்ப் போட்டிகளின் விதி வேறாக இருக்கலாம் என்பதால், எந்த விதி பொருந்தும் என்று அமைப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். நுழைவின் கடைசித் தேதி, திரும்பப் பெறும் கடைசித் தேதி இரண்டையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மூன்று வாரம் முன்பு: தேர்வை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் குதிரையின் மீது முழுமையாக அடிக்கடி ஓட்டிப் பார்க்காதீர்கள். குதிரை வரிசையை நினைவில் வைத்து உங்களுக்கு முன்பே திரும்பத் தொடங்கும். தரையில் நடந்தும் தாளில் வரைந்தும் பழகி, குதிரையோடு துண்டு துண்டாக மட்டும் பழகுங்கள். வெளியிலிருந்து ஒருவர் வாசித்துச் சொல்ல அனுமதி உண்டா, சாட்டை எடுத்துச் செல்லலாமா, எந்த வகைக் கடிவாள இரும்பு ஏற்கப்படும் என்பதையும் இப்போதே பாருங்கள்.

அன்றைய நாள்: இரண்டு மணி நேரம் முன்பே சென்று, குதிரையைக் கையில் பிடித்து இடத்தைச் சுற்றிக் காட்டுங்கள். ஏறிய பிறகு முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நீண்ட வாரில் வாக் மட்டும். மணி அடித்த பிறகு நுழைய உங்களுக்குப் பொதுவாக 45 விநாடி உண்டு, மணிக்கு முன்பு நுழைவது தவறாகக் கொள்ளப்படும். குதிரையோடு குரல் கொடுத்துப் பேசினாலும் நாக்கால் ஒலி எழுப்பினாலும் மதிப்பெண் குறையும். வழி தவறினால் நடுவர் மணியடித்து நிறுத்துவார். பதறாமல் அவர் சொல்லும் இடத்திலிருந்து தொடருங்கள்.

10. மதிப்பெண் தாளைப் படிக்கும் முறை

ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை, அரை மதிப்பெண் இடைவெளியில் தரப்படும். 5 என்றால் ஏற்கத்தக்கது, 6 என்றால் திருப்தி, 7 என்றால் ஓரளவு நன்று. சில அசைவுகளுக்கு இரட்டை மதிப்பு உண்டு. மொத்தம் 220-க்கு 134 பெற்றால் 60.9 விழுக்காடு, முதல் போட்டிக்கு அது மதிக்கத்தக்க தொடக்கம்.

விழுக்காட்டைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்காதீர்கள். நடுவரின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தேடி வட்டமிடுங்கள். 'இறுக்கம்' நான்கு முறை வந்திருந்தால் சிக்கல் நான்கு அல்ல, ஒன்றுதான். யாரையாவது காணொளி எடுக்கச் சொல்லியிருந்தால், அந்த நான்கு இடங்களிலும் உங்கள் கையும் முழங்காலும் என்ன செய்துகொண்டிருந்தன என்று தாளோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு இரட்டை மதிப்புள்ளவற்றில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஓர் அசைவை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த பாடத்துக்குப் பயிற்சியாளரிடம் எடுத்துச் செல்லுங்கள். மறுநாள் குதிரைக்குச் சவாரி வேண்டாம். கையில் பிடித்து அரைமணி நேரம் நடத்திச் சென்று, கால்களில் வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, மேயவிடுங்கள்.